தவளையை விரட்ட ஆள் இல்லை

ஐயா, வணக்கம். பைபிளில், அடிமைகளான இஸ்ரவேலரை விடுவிக்கச் சொல்லி மோசேயும் அவன் அண்ணன் ஆரோனும் எகிப்து ராஜா பார்வோனிடம் போகிறார்கள். ஆரோன் கோலைப் போட்டான், பாம்பானது. எகிப்து மந்திரவாதிகள் போட்டார்கள், அவையும் பாம்பாயின. அப்படியென்றால் ஜெயித்தவன் செய்தால் அற்புதம், தோற்றவன் செய்தால் மந்திரம், அவ்வளவுதானா? சிறுவயதில் சண்டே ஸ்கூலில் இதைக் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.
ஜே.

அன்புள்ள ஜே.,

திட்ட வேண்டிய கேள்வியே இல்லை. பாம்போடு அது முடியவும் இல்லை. ஆரோன் தண்ணீரை இரத்தமாக்குகிறான், அவர்களும் ஆக்குகிறார்கள். தவளைகளை வரவழைக்கிறான், அவர்களும் வரவழைக்கிறார்கள். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். படுக்கையில் தவளை, அடுப்பில் தவளை, மாவு பிசைகிற தொட்டியில் தவளை. பார்வோனுக்கு இப்போது வேண்டியது இன்னும் நாலு தவளையா? இருப்பதை விரட்ட ஓர் ஆள் வேண்டும். அதற்கு அவன் தன் மந்திரவாதிகளை நம்பவில்லை. மோசேயைக் கூப்பிட்டு, கர்த்தரிடம் வேண்டிக்கொள்ளச் சொல்கிறான். மோசேயும் கோலை நீட்டி விரட்டவில்லை, கடவுளை நோக்கிக் கூப்பிடுகிறான். நான் வித்தியாசம் பார்ப்பது இங்கேதான். அப்புறம் பேன் வருகிறது. அதை அவர்களால் வரவழைக்கவே முடியவில்லை. “இது தேவனுடைய விரல்” என்று சொன்னதும் அந்த மந்திரவாதிகள்தான்.

புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில், எபேசு நகரத்தில், இது இன்னும் சிக்கலாகிறது. இயேசுவைப் பிரசங்கிக்கும் பவுலின் உறுமாலையும் (கைக்குட்டை) கச்சையையும் (இடுப்புத்துணி) கொண்டுபோய் நோயாளிகள்மேல் போட்டால் குணமாகிறது. தாயத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கே தோன்றியிருக்கிறது. ஆனால் முந்தின வசனத்தின் எழுவாயைப் பாருங்கள்: அற்புதம் செய்தவர் தேவன், பவுலுடையது கை மட்டும். அடுத்த காட்சியில் ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் ஏழு மகன்கள் அதே இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேயை விரட்டப் பார்க்கிறார்கள். “இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்” என்கிறது அது. உடுப்பிழந்து காயத்தோடு ஓடுகிறார்கள். பெயரை மந்திரமாக்கும் ஆசை அதோடு போய்விடவில்லை. எகிப்தில் கிடைத்து இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் 4ஆம் நூற்றாண்டு மந்திரச் சுவடியில், எபிரெயரின் கடவுளான இயேசுவின் பேரால் பேய்க்கு ஆணையிடும் வரி ஒன்று இருக்கிறது.

ஸ்கேவாவின் மகன்களுக்கு நடந்ததைக் கேட்டு, எபேசுவில் மந்திரம் செய்துவந்த பலர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசை ஒரு நாள் கூலி என்று வைத்தால், ஒருவன் 130 வருடத்துக்குமேல் உழைக்க வேண்டும்.

சரி, உங்கள் பாம்புக்கு வருகிறேன். வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பிழைக்க மோசே ஒரு வெண்கலப் பாம்பைச் செய்தான், கடவுள் சொல்லித்தான். பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அதற்கே தூபம் காட்டினார்கள். யூதாவின் ராஜா எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். மோசே செய்தது என்று அவன் தயங்கவில்லை.