கவலை மூளையைச் சுருக்குமா, டாக்டர்?

கேள்வி: மூன்று வருஷமாக மாமியார் படுத்த படுக்கை. நடுவில் கணவருக்கு வேலையும் போயிற்று. டிப்ரெஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் தண்ணீர் ஊற்றாமலே குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டேன். கவலைப்பட்டால் மூளை சுருங்கும் என்கிறாள் நாத்தனார். நிஜமா? ஸ்கேன் எடுக்கட்டுமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்கள் நாத்தனார் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார் அம்மா. காதுக்கு நேர் உள்ளே, ஆழத்தில், கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு பகுதி இரண்டு பக்கமும் உண்டு. பெயர் ஹிப்போகேம்பஸ். புது நினைவைப் பதிய வைப்பது அதுதான். அமெரிக்காவில், செயின்ட் லூயிஸில், இவெட் ஷெலின் குழு 1999இல் டிப்ரெஷன் வந்துபோன 24 பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தது. டிப்ரெஷனில் கழிந்த நாட்கள் கூடக்கூட அந்தப் பகுதி சிறுத்திருந்தது. 2003இல் அதே குழு 38 பெண்களை அளந்தது. அதில்தான் உங்களுக்கான செய்தி இருக்கிறது: சிறுத்ததோடு ஒத்துப்போனது மருந்தில்லாமல் கழிந்த நாட்கள், மருந்து எடுத்த நாட்கள் அல்ல.

இதெல்லாம் கூட்டிக் கழித்த சராசரி. உங்கள் ஒருவர் ஸ்கேனை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது; அந்தப் பணம் வீட்டுக்கு ஆகட்டும். குக்கர் மறதிக்கு டிப்ரெஷனே போதும். தைராய்டு, பி12 மட்டும் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள்? அதை எழுதவே இல்லையே! வாரம் இரண்டு ராத்திரி நாத்தனாரை வந்து படுக்கச் சொல்லுங்கள். அவருக்கு அம்மாதானே.