பென்டிரைவைச் செருகியதும் தானே ஓடும் நிரல்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஜெராக்ஸ், பிரின்ட் அவுட் கடை நடத்துகிறேன். கடையில் விண்டோஸ் 11 ப்ரோ உள்ள 3 கணினிகளும் ஹோம் பதிப்புள்ள ஒன்றும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களின் பென்டிரைவ்களிலிருந்து வைரஸ் வந்தபடியே உள்ளது. செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை நிறுத்தினாலும், வேலைக்கு நிற்கும் பையன் அதை மறுபடி இயக்கிவிடுகிறான். நிரந்தரமாகத் தடுக்க வழி உண்டா?

பதில்: செட்டிங்ஸில் செய்வது அந்தப் பயனரின் விருப்பம் மட்டுமே, அதை அவரே மாற்றிக்கொள்ளலாம். கணினிக்கு விதிகளை வகுக்கும் விண்டோஸ் வசதியான குரூப் பாலிசியில் நிர்வாகி விதிப்பதைச் சாதாரணக் கணக்கில் நுழைந்தவர் மாற்ற முடியாது. ஆகவே முதலில் பையனுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கைக் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றவை வீண்.

ப்ரோ கணினிகளில் ஜிபிஎடிட்டை (குரூப் பாலிசியைத் திருத்தும் கருவி) திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ் வழியாக ஆட்டோபிளே பாலிசீஸ் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ‘டர்ன் ஆஃப் ஆட்டோபிளே’ என்பதை இயக்கி, எல்லா டிரைவ்களையும் தேர்ந்தெடுங்கள். அத்துடன் ஆட்டோரன்னின் இயல்பு நடத்தையை வகுக்கும் விதியை இயக்கி, எந்த ஆட்டோரன் கட்டளையும் நிறைவேற வேண்டாம் என்ற தேர்வை வையுங்கள். இரண்டும் ஒன்றல்ல: ஆட்டோபிளே என்பது ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்கும் பெட்டி. ஆட்டோரன் என்பது ஊடகத்தில் உள்ள ஆட்டோரன்.ஐஎன்எஃப் கோப்பு சொல்லும் நிரலை ஓட்டும் வசதி.

ஹோம் பதிப்பில் ஜிபிஎடிட் கிடையாது. விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், கணினி முழுவதற்கும் உரிய எச்கேஎல்எம் கிளையின் பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் பகுதியில், ‘நோடிரைவ்டைப்ஆட்டோரன்’ என்ற டிவேர்டு (எண் வகை) மதிப்பைப் பதின்ம எண்ணாக 255 என்று அமைத்தால் போதும். ஒவ்வொரு வகை டிரைவுக்கும் ஓர் எண் உண்டு. கழற்றி மாட்டும் டிரைவுக்கு 4, நெட்வொர்க் டிரைவுக்கு 16, சிடிக்கு 32 என்பதுபோல. மற்ற வகைகளின் எண்களையும் சேர்த்து எல்லாவற்றையும் கூட்டினால் 255 வரும்.

ஆனால் உங்கள் தொல்லைக்கு ஆட்டோரன்தான் காரணமா என்பது எனக்கு ஐயமே. 2008இல் பரவிய கான்ஃபிக்கர் புழுவின் சில வகைகள் அந்த வழியைத்தான் பயன்படுத்தின. அதன்பின் 2009இல் வந்த விண்டோஸ் 7, பென்டிரைவிலிருந்து தானாக ஓடுவதையே நிறுத்திவிட்டது. 2011இல் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அந்த மாற்றம் விண்டோஸ் அப்டேட் வழியே வந்தது. குழித்துறையிலும் கருங்கலிலும் சுற்றிவரும் பென்டிரைவில் இன்று இருப்பது பெரும்பாலும் ஷார்ட்கட் வைரஸ்: அது கோப்புறைகளை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும், பிரின்ட் எடுக்கும் அவசரத்தில் அதை இருமுறை சொடுக்குபவர் நாமே. மேற்சொன்ன விதிகள் இதைத் தடுக்கா.

இதற்கு, ப்ரோ கணினிகளின் ஜிபிஎடிட்டில், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸின் சிஸ்டம் பிரிவிலுள்ள ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ் பகுதியில், கழற்றத்தக்க டிஸ்குகளுக்கு ‘எக்சிக்யூட்’ அனுமதியை மறுக்கும் விதியை இயக்குங்கள். கோப்பைப் படிக்கவும் பிரின்ட் எடுக்கவும் தடை இராது. அதிலுள்ள நிரலை நேரடியாக ஓட்ட முடியாது. எனினும், ஷார்ட்கட்டானது உங்கள் கணினியிலேயே உள்ள டபிள்யூஸ்கிரிப்ட்டை (ஸ்கிரிப்ட் எனும் கட்டளைக் கோப்புகளை ஓட்டும் விண்டோஸ் நிரல்) அழைத்து, பென்டிரைவிலுள்ள ஸ்கிரிப்டைப் படிக்கச் செய்தால் இவ்விதி அதைப் பிடிக்காது. எனவே ஆன்டிவைரஸை நிறுத்தாதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிகளையும் (பெயரின் முடிவில் கோப்பின் வகையைக் காட்டும் எழுத்துகள்) மறைந்த கோப்புகளையும் காட்டும்படி வைத்து, கோப்புறைப் படத்தின் மூலையில் சிறு அம்புக்குறி தெரிந்தால் தொடக்கூடாது என்று பையனிடம் சொல்லுங்கள்.

மாணவரின் கோப்புகள் காணாமற்போனதுபோல் தெரிந்தால் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பல நேரங்களில் அவை ஒளிக்கப்பட்டிருக்குமே தவிர அழிந்திருக்கமாட்டா.