லீவு காலுக்கும் சேர்த்தா? டான்ஸ் டீச்சர் பதில்கள்

இந்த வாரம் வந்த கேள்விங்க பாதிக்கு மேல நம்ம வடசென்னை பக்கம்தான், அதுவும் எல்லாம் ஒரே விஷயம், கிளாஸ் லீவு விட்டாச்சு, வெயில் கொளுத்துது, ஆடுற உடம்ப என்ன பண்றதுன்னு. அதனால மத்த கேள்விய அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

அக்கா, நான் ப்ளஸ் ஒன் முடிச்சிருக்கேன், ஆறு வருஷமா பரதம் கத்துக்குறேன். எங்க மிஸ் சொந்த ஊருக்கு போயிட்டாங்க, ஜூன் வரைக்கும் கிளாஸ் இல்ல. டிசம்பர்ல அரங்கேற்றம் வெச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. எங்க வீட்ல ஒரே ஹால், தட்டி ஆடினா கீழ் வீட்ல சண்டைக்கு வர்றாங்க, மொட்டை மாடில கால் வெக்க முடியல. சும்மா இருந்தா கத்துக்கிட்டது எல்லாம் போயிடுமா?
பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

எல்லாம் போகாதும்மா, பயப்படாத. ஆறு வருஷமா உடம்புல ஏறுன அடவு, அதாவது காலும் கையும் சேர்ந்த அடிப்படை அசைவு, ஒன்றரை மாசத்துல எறங்கிடாது. மொதல்ல போறது தம்முதான். ரெண்டு வாரம் ஒன்னுமே பண்ணாம இருந்தா மூச்சு தாங்குற சக்தி குறைய ஆரம்பிச்சுடும், தசையோட பலம் அதைவிட கொஞ்சம் மெதுவா குறையும். பிரச்சனை எங்க வரும்னா ஜூன்ல மொத நாள் கிளாஸ்ல, மனசு பழைய ஸ்பீடுல போகும், கால் வராது, விட்டத புடிக்கணும்னு ஒரேயடியா போட்டு தட்டுவீங்க, அந்த வாரமே ஒருத்தி முட்டிய புடிச்சுட்டு உக்காருவா. வருஷா வருஷம் பாக்குறேன் இத.

அதனால ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம்னு வெச்சுக்காத, தினமும் முப்பது நாப்பது நிமிஷம் போதும், வாரத்துல ஒரு நாள் முழுசா ரெஸ்ட். மே மாசத்துல இங்க 5.45 வாக்குலயே சூரியன் வந்துடும், அதனால 5.30க்கு மாடி ஏறிடு, யாராவது வடாம் காயப்போட வர்றதுக்குள்ள முடிச்சுட்டு எறங்கிடலாம். (தண்ணி லாரி வர்ற நாள்ல என்ன பண்றதுன்னு கேக்காத, அன்னிக்கு குடம் தூக்குறதே எக்சர்சைஸ்.) சாயங்காலம் மாடி வேணாம், கடல் காத்து வந்தாலும் பகல் முழுக்க குடிச்ச சூட்ட சிமெண்ட் தரை ஏழு மணிக்கும் கக்கிட்டே இருக்கும், வெறுங்கால்ல ஆடுற நமக்கு அது ஆகாது.

இன்னொன்னு, சிமெண்ட் தரைல முழு பலத்தோட தட்டாத. மரத்தரை கொஞ்சம் வாங்கிக்கும், சிமெண்ட் வாங்கிக்காது, தட்டுற தட்டு அப்படியே காலுக்கு திரும்பி வரும், முட்டிக்கு கீழ முன்பக்க எலும்புல வலி வர்றது நிறைய பேருக்கு இதனாலதான். பாய், ஜமுக்காளம் விரிச்சு ஆடுறேன்னு போய் வழுக்கி விழுந்துடாத. அடவ பாதி பலத்துல, கால் வெக்கிற இடமும் கை லைனும் மட்டும் சரியா இருக்கான்னு பாத்து மார்க் பண்ணு. தட்டடவு, நாட்டடவு, குதித்து மெட்டு மூணும் மூணு காலத்துலயும் (மூணு வேகத்துல) ஒரு ரவுண்டு போனாலே நல்லா வேர்த்துடும். முன்னாடி அஞ்சு நிமிஷம் நடந்து, கணுக்கால் இடுப்பெல்லாம் சுத்தி வார்ம் அப் பண்ணிக்கோ.

கிளாஸ்ல நேரமில்லாம விட்டுப்போறது ஒன்னு இருக்கு, அது பலம் ஏத்துறது. அரைமண்டில, அதாவது கால வெளிய திருப்பி முட்டிய பாதி மடக்கின நிலைல, அப்படியே நில்லு, மொதல்ல முப்பது செகண்ட், போகப்போக ரெண்டு நிமிஷம் வரைக்கும். முட்டி ரெண்டும் கால் விரல் பாக்குற பக்கமே பாக்கணும், விரல் வெளிய போய் முட்டி உள்ள விழுந்தா அது தப்பு, கால் திரும்புறது இடுப்பு மூட்டுல இருந்து வரணும், முட்டிய முறுக்கி வரவெக்க கூடாது. அப்புறம் செவுத்த லேசா புடிச்சு குதிகால தூக்கி எறக்கு, இருபது தடவை. மல்லாந்து படுத்து முட்டிய மடக்கி இடுப்ப தூக்கி நிறுத்து. பல் தேய்க்கும்போது ஒத்தக்கால்ல நில்லு, ஒரு நாள் வலது ஒரு நாள் இடது. இதுல எதுக்கும் கீழ் வீட்டுக்காரங்க காதுக்கு ஒன்னும் போகாது.

பகல்ல ஃபேன் கீழ உக்காந்து பண்ற வேலை வேற. ஜதி, அதாவது தாளச் சொல்லுங்கள, சொல்லி பழகு, தொடைல தாளம் போட்டு. தகிட, தகதிமி, தகதகிட, தகிட தகதிமி, தகதிமி தகதகிட, அதாவது திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9, தாளம் ஓடிட்டே இருக்கும்போது ஒன்னுல இருந்து ஒன்னுக்கு மாறிப் பாரு, கால் நல்லா ஆடுற பொண்ணுங்களே இதுல திக்குவாங்க. சுலோகமும் அப்படித்தான், அபிநய தர்ப்பணம்ங்கற பழைய நாட்டிய நூல்ல வர்ற தலை அசைவு 9, பார்வை 8, கழுத்து 4, ஒத்தக்கை முத்திரை 28, கிளாஸ்ல கூட்டத்தோட சொல்லும்போது எல்லாருக்கும் தெரியுற மாதிரியே இருக்கும், தனியா சொல்லச் சொன்னா பாதிலயே நின்னுடுவாங்க. பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொன்னா சொல்லி செஞ்சு பாரு. வர்ணத்தோட (கச்சேரில நடுவுல வர்ற பெரிய ஐட்டம்) சாகித்யத்த, அதாவது பாட்டு வரிகள, ஒரு நோட்டுல வரிவரியா எழுதி பக்கத்துலயே அர்த்தத்த எழுது, யாரு யார்கிட்ட சொல்றா, கோவமா ஏக்கமா, புரியாத வரிய மார்க் பண்ணி வெச்சு மிஸ் வந்ததும் கேளு. அரங்கேற்றத்துக்கு அபிநயம் பாக்க வர்றவங்க பாக்குறது இதத்தான்.

யூடியூப் பாத்து புது ஐட்டம் கத்துக்காத, ப்ளீஸ். பாணி வேற வேற, உங்க மிஸ் ஜூன்ல அத அழிச்சுட்டு திரும்ப எழுத வேண்டியிருக்கும். பாக்குறதுக்கு பாரு, எவ்ளோ வேணா பாரு.

கடைசியா கேக்காத ஒன்னு சொல்றேன். அடுத்த வருஷம் ப்ளஸ் டூ, டிசம்பர்ல அரையாண்டு பரீட்சையும் வரும். மார்கம், அதாவது அரங்கேற்றத்துல வரிசையா ஆடுற எல்லா ஐட்டமும், முழுசா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடுறதுக்கு கடைசி மூணு மாசம் தினமும் ரிகர்சல் கேக்கும். ரெண்டையும் ஒரே மாசத்துல வெக்கணுமான்னு வீட்லயும் மிஸ் கிட்டயும் இப்பவே பேசிடு, ஹால் புக் பண்ணப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல. என்னைக் கேட்டா ஒரு வருஷம் தள்ளிப்போடுறது தப்பே இல்ல.

மேடம், என் பொண்ணுக்கு 9 வயசு. பக்கத்துல ஒரு சம்மர் கேம்ப்ல 15 நாள்ல ஒரு ஃபுல் ஐட்டம் கத்துக்கொடுத்து மேடை ஏத்தி சர்டிஃபிகேட் தர்றோம்னு சொல்றாங்க, ஃபீஸ் ஜாஸ்தி. சேக்கலாமா?
ஒரு அம்மா, கொருக்குப்பேட்டை

குழந்தை சந்தோஷமா ஆடணும், நாலு பிரெண்ட் கிடைக்கணும்னா சேருங்க, ஆனா அதுக்கு அவ்ளோ காசு குடுக்க வேணாம். பரதம் கத்துக்கணும்னா 15 நாள்ல அரைமண்டியே உக்காராது. மேடைல ஏறும், போட்டோ வரும், அப்புறம் ஜூன்ல ஒழுங்கான கிளாஸ்ல சேத்தா "தட்டடவுல இருந்தா?"ன்னு மூஞ்சிய தூக்கி வெச்சுக்கும். கலை பண்பாட்டு துறை நடத்துற ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கு, 5 வயசுல இருந்து 16 வரைக்கும் பிள்ளைங்களுக்கு டான்ஸ், பாட்டு, டிராயிங் எல்லாம், தனியார் கேம்ப் மாதிரி ஃபீஸ் இல்ல, உங்களுக்கு கிட்ட எங்க நடக்குதுன்னு விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க. அதுவும் தோதுபடலன்னா ஒன்னும் குடி முழுகிடாது, தெருவுல நொண்டி, ஸ்கிப்பிங், பாண்டி ஆடட்டும், பேலன்ஸும் கால் பலமும் அதுலயே வரும்.

அக்கா, நாங்க வியாசர்பாடில ஏழு பசங்க, ஹிப்ஹாப்பும் குத்தும் கலந்து கல்யாணம், கோயில் திருவிழால ஆடுறோம். மதியம் தான் கிரவுண்ட் காலியா இருக்கும்னு ரெண்டு மணிக்கு பிராக்டிஸ் போடுவோம். போன வாரம் ஒருத்தன் மயக்கம் போட்டுட்டான். எனர்ஜி ட்ரிங்க் குடிச்சா சரியாகுமா? கத்திரி முடிஞ்சா ஓகே தானே?
டான்ஸ் டீம் பையன், வியாசர்பாடி

டேய் தம்பி, ரெண்டு மணிக்கு கிரவுண்ட் ஏன் காலியா இருக்குன்னு யோசிச்சியா? ஊருக்கே தெரியுது, உங்க ஏழு பேருக்கு மட்டும் தெரியல.

கத்திரி முடிஞ்சா எல்லாம் சரின்னு நெனைக்காத. சென்னைல பதிவான ரெக்கார்ட் வெயில் 2003 மே 31, நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி, அதுவே கத்திரி முடிஞ்சப்புறம் தான். கடல் காத்து சீக்கிரம் உள்ள வந்தா தப்பிச்சோம், மேக்கால இருந்து காத்து பலமா அடிச்சா அது லேட்டாகும், காசிமேட்டுல இருக்கறவனுக்கு கொஞ்சம் முன்ன கிடைக்கும், உள்ள இருக்குற உங்களுக்கு இன்னும் லேட். அதோட நம்ம ஊர் காத்துல ஈரப்பசை ஜாஸ்தி, வேர்வை காயவே காயாது, வேர்வை காஞ்சாதான் உடம்பு ஆறும். அதனால சட்டை நனைஞ்சு ஒழுகுதுன்னா உடம்பு கூலாகுதுன்னு அர்த்தம் இல்ல.

காலைல ஆறுல இருந்து ஏழரை, இல்லன்னா ஆறு மணிக்கு மேல சாயங்காலம். உடம்பு வெயிலுக்கு பழக ஒன்னுல இருந்து ரெண்டு வாரம் ஆகும், அதனால லீவுக்கு அப்புறம் மொத நாளே ஃபுல் செட் ஓட்டாதீங்க, மொத வாரம் பாதி நேரம். பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நிழல்ல தண்ணி குடிங்க, தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. மூத்திரம் அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம், இதுக்கு எந்த மெஷினும் வேணாம்.

எனர்ஜி ட்ரிங்க் வேணாம்டா, அதுல இருக்கறது காஃபினும் சக்கரையும், ஏற்கனவே படபடன்னு அடிக்கிற நெஞ்ச இன்னும் அடிக்க வைக்கும். மோர்ல உப்பு போட்டு குடி, இளநீர் குடி. ரொம்ப வேர்த்து போச்சுன்னா மெடிக்கல்ல ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிக்கோ, கிடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில தலை தட்டி ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, நல்லா கலக்கிக்கோ, உப்ப மட்டும் கண்ண மூடிட்டு அள்ளிப் போடாத.

மயக்கம் வந்தவன நிழலுக்கு தூக்கி, படுக்க வெச்சு கால கொஞ்சம் ஒசத்தி, டிரெஸ்ஸ தளர்த்தி ஈரத்துணியால தொடச்சு விசிறுங்க. உடம்பு நெருப்பா கொதிக்குது, ஒளறுறான், இல்ல எழுப்பினாலும் எழுந்திருக்கலன்னா அது சாதா மயக்கம் இல்ல, உடனே 108க்கு அடிச்சுட்டு, வண்டி வர்ற வரைக்கும் உடம்பு முழுக்க தண்ணி ஊத்திட்டே இருங்க, அக்குள்லயும் கழுத்துலயும் ஐஸ் வையுங்க, நெனவு இல்லாதவன் வாய்ல மட்டும் தண்ணி ஊத்தாதீங்க. போன வாரம் மயங்கின பையன் டாக்டர பாத்தானான்னு நீ எழுதல, பாக்கலன்னா இன்னிக்கே கூட்டிட்டு போ, அதுக்கப்புறம் ஆடட்டும்.

பையனுக்கு 12 வயசு, டான்ஸ் கிளாஸ் போறான், ஒரு வருஷத்துல மளமளன்னு ஒசந்துட்டான். முட்டிக்கு சரியா கீழ எலும்பு புடைச்சு, தொட்டா வலிக்குதுங்கறான். லீவுல தொடர்ந்து ஆடலாமா?
ஒரு அப்பா, ராயபுரம்

வேகமா வளர்ற வயசுல குதிக்கிற, ஓடுற பிள்ளைங்களுக்கு இது வர்றதுண்டு, ஃபுட்பால் பசங்களுக்கும் வரும். பெரும்பாலும் வளர்த்தி நின்னதும் தானா அடங்கிடும், ஆனாலும் எலும்பு டாக்டர் ஒரு தடவை பாத்து அதுதானான்னு சொல்லட்டும். அது வரைக்கும் குதிக்கறது, முழுமண்டி (முழுசா குந்துறது), முட்டி போடறது மூணும் நிறுத்திடுங்க, கை, கண், தாளம் எல்லாம் பண்ணட்டும். "வலிய தாங்கினாதான் கலை வரும்"னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

பழைய சோறு சாப்ட்டுட்டு ஆடலாமா?
புளியந்தோப்பு

தாராளமா, ஆனா சாப்ட்டு ஒன்றரை ரெண்டு மணி நேரம் கழிச்சு, தூக்கம் வராம இருந்தா.

லீவுல டான்ஸ் சம்பந்தமா பிள்ளைங்கள எங்கயாவது கூட்டிட்டு போகணும், செலவு கம்மியா சொல்லுங்க.
திருவொற்றியூர் வாசகி

திருவாலங்காடு போங்க. நடராஜர் ஆடினதா சொல்ற அஞ்சு சபைல ரத்தின சபை அது, காளியோட போட்டி போட்டு சிவன் கால தலைக்கு மேல தூக்கி ஆடின இடம்னு சொல்ற கோயில், காரைக்கால் அம்மையார் உக்காந்து அந்த ஆட்டத்த பாத்த ஊரு. அரக்கோணம் லோக்கல்ல போகலாம், உங்க லைன் வேற, அதனால பேசின் பிரிட்ஜ்ல எறங்கி மாறிக்கோங்க, ஸ்டேஷன்ல இருந்து கோயிலுக்கு ஆட்டோ வேணும், மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால விடியக்காலைலயே கெளம்பிடுங்க. இன்னொரு நாள் எழும்பூர் மியூசியம், திருவாலங்காட்டுல கிடைச்ச சோழர் கால நடராஜர் சிலை அங்கதான் இருக்கு. கோயில்ல இருக்கறது கால மேல தூக்கின ஊர்த்துவ தாண்டவம், மியூசியத்துல இருக்கறது கால குறுக்க வீசின ஆனந்த தாண்டவம், ரெண்டையும் பாத்துட்டு வந்து எந்த கால் தரைல இருக்கு, இடுப்பு எந்த பக்கம் போகுதுன்னு பிள்ளைங்கள நின்னு காட்டச் சொல்லுங்க, அரை நாள் ஓடிடும். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீங்க, பூட்டியிருக்கும்.