பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவருக்கே சொந்தமா? கேள்வி பதில்

சிவில் வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். வீடு, நிலம், ஆக்கிரமிப்பு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் சொல்வதால், கேஸ் போடும் முன் உள்ளூர் வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

தாம்பரம் வாசகி: சார், மாடி போர்ஷன்ல 14 வருஷமா வாடகைக்கு இருக்கிறவர், "பன்னிரண்டு வருஷம் தாண்டியாச்சு, இனி என்னைக் கிளப்ப முடியாது"ங்கிறார். உண்மையா?

இல்லம்மா. அவர் உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தவர். அனுமதி இருக்கும் வரை எதிரிடை அனுபோகம் (ஓனரின் உரிமையை மறுத்து, அவர் சொத்தைக் கெடு முடியும் வரை அனுபவித்துச் சொந்தமாக்கிக்கொள்வது) என்ற பேச்சுக்கே இடமில்லை. வாடகை கொடுத்துக்கொண்டே "நீங்கள் ஓனரே இல்லை" என்று வாதாடவும் சாட்சியச் சட்டம் விடாது. ஒன்றில் மட்டும் கவனம்: நோட்டீஸ் விட்டு வாடகையை முடித்துவிட்டு, அப்புறம் கேஸ் போடாமல் சும்மா இருந்தால் அந்தத் தேதியிலிருந்து 12 வருஷம் ஓட ஆரம்பிக்கும். வாடகையைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்திருந்தால், காலம் முடிந்தும் நகராதவரிடம் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகையும், பிறகு நான்கு மடங்கும் கேட்கலாம்.

துபாய் வாசகர்: அண்ணே, ஊர்ல என் மனையில பக்கத்து மனைக்காரர் கம்பிவேலி போட்டு தென்னை வச்சுட்டார். 9 வருஷம் ஆச்சாம். வக்கீல் நோட்டீஸ் விட்டா போதுமா?

போதாது தம்பி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். நோட்டீஸ், தாசில்தாருக்கு மனு, பஞ்சாயத்துப் பேச்சு எதுவும் காலக்கணக்கை நிறுத்தாது. கோர்ட்டில் வழக்கு தாக்கலாக வேண்டும். நீங்கள் வெளிநாட்டில் இருந்ததும் கணக்கில் கழியாது.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் தனியார் சொத்துக்குக் கெடு 12 வருஷம். அது முடிந்தால் வழக்குப் போடும் வாய்ப்போடு உங்கள் உரிமையே அற்றுப்போகும். 27-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முன்பெல்லாம் எதிரிடை அனுபோகத்தைத் தற்காப்பாக மட்டுமே சொல்லலாம் என்ற கருத்து இருந்தது. 2019-இல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுபவிப்பவரே வாதியாக வந்தும் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது.

ஆனால் நிரூபிக்கும் சுமை அவர் தலையில். எந்தத் தேதியில் நுழைந்தார், ஊரறிய இருந்தாரா, விடாமல் இருந்தாரா, உங்கள் உரிமையை மறுத்து இருந்தாரா, எல்லாம் அவர் காட்ட வேண்டும். கோர்ட் கமிஷனர் மனையைப் பார்க்க வந்தால் அந்த வேலியின் துருவும் தென்னையின் பருமனும் ரிப்போர்ட்டில் ஏறும். அதனால் மரம் வளரும் வரை காத்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் கொடுங்கள். சர்வேயரை வைத்து எஃப்எம்பி எனும் அரசின் புல அளவுப் படத்தின்படி அளக்கச் சொல்லுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா மூன்றையும் எடுத்துக்கொண்டு விளம்புகையும் (மனை உங்களுடையது என்ற கோர்ட் அறிவிப்பு) சுவாதீனமும் (மனையை உங்கள் கைவசம் ஒப்படைப்பது) கேட்டு வழக்குப் போடுங்கள். கையில் மூன்று வருஷம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அவர் இன்னும் பல வருஷம் முன்னாலேயே வேலி போட்டதாகத்தான் சொல்வார்.

கோவை வாசகர்: தோட்டத்து வாட்ச்மேன் 25 வருஷமா அங்கேயே குடும்பத்தோட இருக்கார். இப்ப பங்கு கேட்கிறார்.

காவலாளி, வேலைக்காரர், பார்த்துக்கொள்ள விட்ட உறவினர் எத்தனை வருஷம் இருந்தாலும் உரிமை வராது. 2012-இல் மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அவருக்குச் சம்பள பாக்கி, பணிக்கொடை இருந்தால் கொடுத்துவிடுங்கள். பல கேஸ்களின் அடியில் அந்தக் கோபம்தான் இருக்கிறது.

மதுரை வாசகர்: நாலு ஆளை வச்சு பூட்டை உடைச்சுக் காலி பண்ணிட்டா என்ன?

நீங்கள்தான் குற்றம் சாட்டப்பட்டவராகக் கூண்டில் நிற்பீர்கள். நிலைத்த அனுபவத்தில் இருப்பவரை உரிமையாளரேகூட பலாத்காரமாக வெளியேற்றக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2003-ஆம் ஆண்டு ராமே கவுடா தீர்ப்பு. இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்களை ஒருவர் அடாவடியாக வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் குறித்தவகை நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 6-வது பிரிவில் வழக்குப் போடுங்கள். சொத்து யாருடையது என்ற ஆராய்ச்சியே அங்கே கிடையாது. சுவாதீனத்தில் இருந்தீர்களா, பறித்தார்களா, அவ்வளவுதான் கேள்வி. அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவு உதவாது.

சேலம் வாசகி: 35 வருஷமா புறம்போக்குல வீடு. வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் எங்க பேர்ல. இப்ப ஆக்கிரமிப்புன்னு வருவாய்த்துறையோட பி மெமோ நோட்டீஸ் வந்திருக்கு.

அரசு நிலத்துக்குக் கெடு 30 வருஷம். காகிதத்தில் தாண்டிவிட்டீர்கள்தான். ஆனால் வரி ரசீதும் கரண்ட் பில்லும் நீங்கள் அங்கே இருந்ததைக் காட்டுமே தவிர, அரசின் உரிமையை மறுத்து இருந்ததைக் காட்டாது. பி மெமோ வந்து அபராதம் கட்டியிருந்தால், நிலம் அரசுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதம் வரும். ஏரி, குளம், ஓடை என்றால் ஆசையை விடுங்கள். ஆட்சேபணையற்ற புறம்போக்கு (நீர்நிலை, சாலை போன்ற பொதுப் பயன்பாட்டில் இல்லாத அரசு நிலம்) என்றால் கோர்ட்டை விட, வரன்முறைப்படுத்திப் பட்டா கேட்டு மனு கொடுப்பதே நல்ல வழி. நோட்டீஸுக்கு மட்டும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்துவிடுங்கள்.

சென்னை வாசகர்: அடுத்தவன் சொத்தை ஆக்கிரமிச்சவனுக்குப் பரிசு கொடுக்கிற சட்டம் எதுக்கு சார்?

உச்ச நீதிமன்றமே 2008-இல் ஹேமாஜி வாகாஜி வழக்கில் இது நியாயமற்றது, மாற்ற யோசியுங்கள் என்றது. 2023-இல் சட்ட ஆணையம் தனது 280-வது அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்றது. எனக்கு ஆணையத்தின் பக்கம்தான் சாய்வு. வாய்மொழி விற்பனையும் பதிவாகாத பாகப்பிரிவினையும் நிறைந்த ஊர்களில், தாத்தா காலத்துக் கணக்கை யாரும் எப்போதும் கிளறலாம் என்றால் எந்த வீட்டிலும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

திருச்சி வாசகி: அப்பா சொத்தை அண்ணன் மட்டும் 20 வருஷமா அனுபவிக்கிறார். என் பங்கு போச்சா?

போகவில்லை. கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவம் எல்லோருக்குமான அனுபவம். "உனக்குப் பங்கே இல்லை" என்று அவர் வெளிப்படையாக மறுத்து உங்களை ஒதுக்கிய தேதி ஏதாவது இருந்தால் மட்டும் அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள், பாகப்பிரிவினை வழக்குப் பேசலாம்.