கால்பந்தா, கம்ப்யூட்டர் சயின்ஸா: முதலில் ரோஸ்டரை (அணிப் பட்டியலை) படியுங்கள்

கேள்வி: டெக்சஸில் பிளேனோவில் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு, ஜி.பி.ஏ. 3.8. கிளப் அணியில் லெஃப்ட் பேக் (இடப்பக்க டிஃபெண்டர்). கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும், கால்பந்தையும் விடக்கூடாது என்கிறான். ஒரு டிவிஷன் 1 கல்லூரியின் கோச் 'வாக்-ஆனாக வரலாம்' என்கிறார். படிப்பில் பெயர்பெற்ற ஒரு டிவிஷன் 3 கல்லூரியும் ஆர்வம் காட்டுகிறது. ஆனால் அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாதாமே?

பதில்: கிடையாதுதான். ஆனால் வாக்-ஆன் என்றாலே ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்கிறவன் என்று அர்த்தம். ஆக, உங்கள் கையில் இருக்கும் இரண்டு வாய்ப்பிலும் விளையாட்டுக்கான பணம் பூஜ்யம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று பிரிவுகளில் முதலாவது என்பதற்காக 'டிவிஷன் 1' என்ற பெயரில் மயங்க வேண்டாம். இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள்.

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றதும் வரும் பெயர்கள் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜார்ஜியா டெக், பர்டூ, இல்லினாய். இவற்றில் ஒன்றில்கூட ஆண்களுக்குப் பல்கலைக்கழகக் கால்பந்து அணி இல்லை. மாணவர்கள் தாங்களே நடத்தும் கிளப் அணி மட்டுமே. அமெரிக்கன் ஃபுட்பால் ஒன்றே நூறு பேரை விழுங்கிவிடுகிறது. 1972-ன் டைட்டில் 9 சட்டப்படி பெண்களுக்கும் ஈடான வாய்ப்புத் தர வேண்டும். அந்தக் கணக்கில் அடிபட்ட விளையாட்டுகளில் ஆண்கள் சாக்கரும் ஒன்று. அதனால் ரேங்கிங் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அணியைத் தேடினால் பாதி நாள் வீண். அணி இருக்கிற கல்லூரிகளை முதலில் எடுங்கள், பிறகு பாடத்தைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ரிச்சர்ட்சனில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ஆண்கள் அணி உண்டு. 2025-ல் அது டிவிஷன் 3-லிருந்து 2-க்கு மாறத் தொடங்கியது. மாநிலக் கட்டணத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் இடம்; பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வாக்-ஆன் பேச்சு. 2025-26 முதல், வீரர்களுக்கு விளையாட்டு வருவாயில் பங்கு தரும் ஏற்பாட்டில் சேர்ந்துள்ள டிவிஷன் 1 கல்லூரிகளில் ஆண்கள் கால்பந்து அணியின் உச்சவரம்பு 28 பேர். முன்பு ஓர் அணிக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான தொகையைத் துண்டு போட்டுப் பங்கிட்டார்கள். தலைக்கணக்கு இல்லை, வாக்-ஆன்களைத் தாராளமாக வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று வாக்-ஆனும் அந்த 28-க்குள் ஓர் இடத்தை அடைக்கிறான். கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: "முதல் சீசனில் 28-ல் இவன் ஒருவனா, அல்லது ஆகஸ்ட் முகாமில் தேர்வா?" பதில் வழவழவென்று வந்தால் அதுவே பதில்.

அடுத்து ரோஸ்டர். கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் அணிப் பட்டியல் இருக்கும்: பெயர், ஆண்டு, ஆடும் இடம், ஊர், முந்தைய பள்ளி அல்லது கல்லூரி. டிஃபெண்டர்களை மட்டும் தனியே எழுதுங்கள். இப்போது முதலாண்டில் இருப்பவன் உங்கள் மகன் சேரும்போது மூன்றாமாண்டில் இருப்பான். அவன் இப்போதே எல்லா ஆட்டத்திலும் முதல் பதினொருவரில் இறங்குகிறான் என்றால், உங்கள் பையன் இரண்டு வருடம் பெஞ்சில்தான். புள்ளிவிவரப் பக்கத்தில் ஆடிய ஆட்டங்களும் முதல் பதினொருவரில் இறங்கிய ஆட்டங்களும் தனித்தனியாக இருக்கும். அதில் லெஃப்ட் பேக், ரைட் பேக் என்று பிரித்திருக்க மாட்டார்கள். இரண்டு ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்தால்தான் புரியும்.

'முந்தைய கல்லூரி' என்ற இடத்தில் வேறு கல்லூரிப் பெயர்கள் நிறைய இருந்தால், அந்தக் கோச் பள்ளிப் பையன்களை வளர்ப்பவர் அல்லர். இருபது, இருபத்தொரு வயதில் தயாராக வருபவர்களை எடுப்பவர். டிவிஷன் 1-ல் வெளிநாட்டு வீரர்களும் ஏராளம். பிறகு, அதே தளத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய ரோஸ்டரைத் திறந்து, அன்று முதலாண்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்று நான்காமாண்டில் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒன்பது பேர் வந்து மூன்று பேர் நின்றால், மீதி ஆறு பேர் ஏன் போனார்கள் என்று அங்குள்ள வீரர்களிடமே விசாரியுங்கள். கோச் சொல்லாததை இந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

டிவிஷன் 3-ஐத் தரக்குறைவாக நினைக்காதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், எம்.ஐ.டி., டஃப்ட்ஸ் எல்லாம் அங்கேதான் ஆடுகின்றன. சிகாகோ 2022-ல் டிவிஷன் 3 கால்பந்து சாம்பியன் ஆனது. டஃப்ட்ஸ் 2014, 2016, 2018, 2019-ல். இங்கே சிக்கல் வேறு: அட்மிஷன். கோச் விரும்பினால் போதாது, அட்மிஷன் அலுவலகம் சம்மதிக்க வேண்டும். அதற்குத்தான் 'ப்ரீ-ரீட்'. பதினோராம் வகுப்பு முடிந்ததும், பொதுவாக ஜூலையில், மதிப்பெண் பட்டியல், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. மதிப்பெண் இருந்தால் அதையும் கோச்சிடம் கொடுப்பீர்கள். அலுவலகம் பார்த்துவிட்டு வாய்ப்பு உண்டா இல்லையா என்று அவருக்குச் சொல்லும். நல்ல பதில் வந்தாலும் அது அட்மிஷன் ஆகாது. கேட்க வேண்டியது: "அட்மிஷன் அலுவலகத்தில் நீங்கள் பரிந்துரைக்கும் ஆதரவு இடங்களில் இவனுக்கு ஒன்று உண்டா, இல்லை கிடைத்தால் சந்தோஷம் என்ற ரகமா?" எம்.ஐ.டி. போன்ற இடத்தில் கோச்சின் சொல் ஒரு கூடுதல் குறிப்பு, அவ்வளவே.

ஆதரவு தருகிறவர் பெரும்பாலும் 'எர்லி டிசிஷன்' வழியாக விண்ணப்பிக்கச் சொல்வார். அது கட்டுப்படுத்தும் விண்ணப்பம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும். ஆகவே கையெழுத்துக்கு முன் அவர்கள் தளத்திலுள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்; நிதி உதவி அலுவலகத்திடமும் மதிப்பீடு கேளுங்கள். நீங்கள் எச்-1பி, மகன் எச்-4 என்றால் மத்திய அரசு உதவி கிடைக்காது. பல தனியார் கல்லூரிகள் அவனை வெளிநாட்டு மாணவனாகவே கணக்கிடும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

டிவிஷன் 1, 2 வாசலைத் திறந்து வைக்க வேண்டுமானால் இன்னொரு வேலை அவசரம். என்.சி.ஏ.ஏ. கேட்கும் முக்கியப் பாடங்கள் 16. டிவிஷன் 1-க்கு அவற்றில் 10-ஐப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலில். பள்ளியில் எடுத்த கம்ப்யூட்டர் பாடம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. பள்ளிக்கென்று அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் ஒன்று உண்டு. கவுன்சலரிடம் இந்த வாரமே சரிபாருங்கள். 3.8 இருந்தும் ஒரு பாடம் குறைந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

நேரம்? டிவிஷன் 1-ல் சீசனில் வாரம் 20 மணி நேரம் என்பது விதி. பயண நேரம் அதில் சேராது. ஸ்டான்ஃபோர்டு 2024 முதல் கிழக்குக் கடற்கரைக் கல்லூரிகள் நிறைந்த ஏ.சி.சி. என்ற போட்டிக் குழுவில் ஆடுகிறது, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறந்து ஆட வேண்டும். சீசன் ஆகஸ்டு முடிவிலிருந்து நவம்பர் வரை, இடைத்தேர்வுகளும் அப்போதே. எனவே கோச்சிடம், "அணியில் எத்தனை பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ்? மாலை நேர லேப் வந்தால் பயிற்சியை என்ன செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஒருவர்கூட இல்லை என்றால் காரணம் இருக்கும்.

'ஐ.டி. கேம்ப்' (கோச்சுகள் திறமையான வீரர்களை அடையாளம் காணும் கட்டண முகாம்) அழைப்பு மின்னஞ்சல்கள் ஆயிரம் பேருக்குப் போகின்றன. பணம் கட்டுமுன் உங்கள் மகனின் ஆட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.