பரிசாகக் கொடுக்கும் கைத்தையல் போர்வையில் பெயர் போடலாமா?

பழைய பருத்திச் சேலைகளை அடுக்கிக் கையால் போர்வை தைத்து உறவினர்களுக்கும் தோழிகளுக்கும் பரிசாகக் கொடுப்பதாகவும், அதில் உங்கள் பெயரைப் போட்டால் தற்பெருமையாகத் தெரியுமோ என்று தயங்குவதாகவும், போடுவதென்றால் எங்கே, எதைக்கொண்டு எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போடுங்கள் என்பதே என் பதில். ஆனால் தைத்தவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சேலைகளை உடுத்தியவர் யார் என்பதையும் அதில் எழுதுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிதான் காரணம். திருமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில், அப்பத்தா இறந்து பல ஆண்டுகள் கழித்து வீட்டை ஒழித்தபோது, அந்தப் பெட்டியின் அடியில் இரண்டு போர்வைகள் கிடைத்தன. ஒன்றின் மேல்துணி கரும்பச்சைச் சுங்குடி. ஒன்றுபோல் ஒன்று இராத அதன் புள்ளிகளே அது கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்தது என்பதைக் காட்டின. ஓரம் கிழிந்த இடத்தில் விரலால் பிரித்துப் பார்த்தால், உள்ளே மஞ்சள் பூப்போட்ட ஒரு வாயில் சேலை, அதற்கும் உள்ளே கரையில்லாத ஒரு வெள்ளைச் சேலை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் கரையில்லாத வெள்ளைச் சேலையை உடுத்தியவர் கைம்பெண்ணாகத்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் பூட்டியா, தாத்தாவின் அக்காவா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அத்தை அந்தப் போர்வையை மடியில் விரித்து, தையல் வரிசையை நகத்தால் தடவிக்கொண்டே, "இது ஆத்தா தச்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா, சின்னாத்தாவும் இப்படித்தான் பொடிப்பொடியாத் தைக்கும்" என்றார். நான்கு விரல் அகலத் துணித் துண்டு ஒன்று அதன் மூலையில் இருந்திருந்தால், மூன்று பெண்களின் பெயர்கள் எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

தற்பெருமை என்ற தயக்கத்தை விட்டுவிடுங்கள். சீராகக் கொடுக்கும் எவர்சில்வர் குடத்திலும் பித்தளை அண்டாவிலும் பெயர் வெட்டித்தானே கொடுக்கிறோம்? பாத்திரக் கடையில் நின்று, எழுத்து எழுத்தாகச் சொல்லி, தேதியோடு வெட்டச் சொல்கிறோம். அதை யாரும் தற்பெருமை என்று சொல்வதில்லை. கடையில் வாங்கிய பாத்திரத்திற்கே அந்த வழக்கம் இருக்கும்போது, மாதக்கணக்கில் மடியில் வைத்துத் தைத்த போர்வைக்கு ஏன் கூச்சப்பட வேண்டும்? நம் நாட்டிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. வங்காளத்துக் காந்தாவும் பழந்துணிகளை அடுக்கித் தைப்பதுதான். 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற பெண், தன் தந்தைக்கென்று தைத்த காந்தாவில் தன் பெயரையும், அதைத் தன் கையால் செய்ததையும் நூலாலேயே எழுதி வைத்தார். வங்காள நாட்டுப்புறக் கலைப்பொருள்களைத் தேடிச் சேர்த்த குருசதய் தத் திரட்டிய தொகுப்பில் அது இருக்கிறது. அந்த எழுத்து இல்லாவிட்டால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா?

என்ன எழுதுவது என்பதில் நான் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறேன். பெறுபவர் பெயர் முதலில், பிறகு சேலைகள் யாருடையவை என்பது, பிறகு தைத்தவர், கடைசியாக ஊரும் ஆண்டும். தைத்தவருக்கு உறவுமுறையை மட்டும் எழுதாமல் பெயரையும் எழுத வேண்டும்; "அன்புடன் அத்தை" என்றால் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவருக்கு எந்த அத்தை என்று விளங்காது. தங்கை மகளின் வளைகாப்புக்குக் கொடுத்ததில் "பிறக்கப்போகும் பிள்ளைக்கு. பாட்டியின் இரண்டு சுங்குடிச் சேலைகள், அம்மாவின் ஒரு கைத்தறிச் சேலை" என்று தொடங்கி, அவரவர் பெயர்களையும் என் பெயரையும், மதுரை 2021 என்பதையும் எழுதினேன். வாழ்த்து வாசகம் வேண்டுமென்றால் ஒரு வரி போதும்.

எழுதும் முறையில்தான் நான் அடி வாங்கியிருக்கிறேன். முதல் போர்வையில், சாயம் போகாது என்று கடையில் சொல்லிக் கொடுத்த பேனாவால் எழுதினேன். முதல் சலவையிலேயே நீலம் பரவி, குழந்தையின் பெயர் படிக்க முடியாமல் போய்விட்டது. இப்போது எந்தப் பேனாவாக இருந்தாலும், அதே துணியில் ஒரு துண்டு வெட்டி, எழுதி, ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கம் சூடாக இஸ்திரி போட்டு, சோப்பில் இரண்டு மூன்று முறை துவைத்துப் பார்த்த பிறகே நம்புகிறேன். துணிக்கென்று விற்கும் நிறமி மைப் பேனாதான் நிற்கிறது. பந்துமுனைப் பேனா கூடவே கூடாது. எழுதும்போது துணி நகராமல் இருக்க அடியில் உப்புத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணிகளில் குறி போட்டது சேங்கொட்டைச் சாற்றால். அது எத்தனை வெளுப்புக்கும் அழியாது. ஆனால் அந்தச் சாறு பட்டால் தோல் கொப்பளித்துவிடும் என்பதால், பழைய முறை என்ற ஆசையில் அதைத் தொட வேண்டாம்.

என்னைக் கேட்டால் மையைவிட நூலே மேல். பூத்தையல் நூலின் ஆறு இழைகளில் இரண்டைப் பிரித்தெடுத்து, தண்டுத் தையல் (ஸ்டெம் ஸ்டிச்) போட்டால் நம் எழுத்துகளின் வளைவுக்கு அது நன்றாக இணங்கும். சங்கிலித் தையல் தடிமனாக விழுவதால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்து அரை அங்குல உயரத்திற்குக் குறையக் கூடாது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு இழையை ஊசியில் இருமுறை சுற்றி ஒரு முடிச்சுத் தையல் போட்டு, பின்பக்கம் தனியாக முடிந்துவிடுங்கள். புள்ளி உதிர்ந்தால் பெயரே மாறிப் படிக்கும்.

இடம் என்று பார்த்தால், பின்பக்கத்தில், கால்மாட்டு மூலைதான் நல்லது. முகத்தில் உரசாது, கைபட்டு அழுக்காகாது. துண்டின் ஓரங்களை உள்ளே மடித்து நான்கு பக்கமும் நெருக்கமாக எம்மிங் செய்யுங்கள். தொங்கும் சீட்டாக விடாதீர்கள், குழந்தை வாயில் வைத்து இழுக்கும். அடித்துணியில் பெயர்த்துண்டை முதலிலேயே தைத்துவிட்டு, அதன் பிறகு அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தால், போர்வைத் தையல் துண்டின் ஊடாகவே ஓடும். போர்வை இருக்கும் வரை அதுவும் இருக்கும். சலவைக் குறிப்பு ஒரே வரிதான்: தனியாக, குளிர்ந்த நீரில், நிழலில் உலர்த்தவும். சுங்குடி கலந்த போர்வைக்கு இது மிகவும் முக்கியம்.

பெயர் போடத் தயங்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. முதியோர் இல்லத்திற்கோ மருத்துவமனைக்கோ கொடுக்கும் போர்வையில் கொடுத்தவர் பெயரைத் தைப்பது எனக்குச் சம்மதமில்லை. நோயில் படுத்திருப்பவர் ஒவ்வோர் இரவும் இன்னொருவர் தயவைப் போர்த்திக்கொண்டதாக உணரக் கூடாது. சலவைக் குறிப்பு மட்டும் போதும். இறந்தவரின் சேலையில் தைத்துத் தரச் சொன்னால், இறந்தவர் பெயரைப் பெரிதாகவும் உங்கள் பெயரைச் சிறிதாகவும் போடுங்கள். அதற்கு முன், இறந்தவர் உடைமைகளை வீட்டில் வைத்துக்கொள்ளாத குடும்பமா என்பதை மூத்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துண்டில் அடங்காததை ஒரு தாளில் எழுதி, போர்வையோடு கொடுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ், விவிலியக் காட்சிகளை வைத்துத் தைத்த போர்வையை 1891இல் வறுமையின் காரணமாக 5 டாலருக்கு விற்றார். அதை வாங்கிய ஜென்னி ஸ்மித், ஒவ்வொரு கட்டத்திற்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதி வைத்தார். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் போர்வையை, தைத்தவர் எண்ணத்தோடு படிக்க முடிவது அந்த எழுத்தால்தான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட போர்வைகளை ஒரு வாரத்திற்குத் திரும்பக் கேட்டு வாங்கிப் பெயர்த்துண்டு தைத்துக் கொடுங்கள். நான் கேட்ட எவரும் வருத்தப்படவில்லை. தகரப் பெட்டியில் கிடைத்த பச்சைப் போர்வைக்கும் ஒன்று தைத்துவிட்டேன். "தைத்தது அப்பத்தா, அல்லது அவர் தங்கை. வெள்ளைச் சேலை யாருடையது என்று தெரியவில்லை" என்று எழுதி, சகோதரிகள் இருவர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.