1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் குழந்தைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். 12ஆம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் ஒப்பிப்பாள். பின்னக் கூட்டல் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கச் சொல்லித் தருகிறேன். அன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் பழையபடி 2/5. கடைசியில் அழுகையில்தான் முடிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த 2/5ஐக் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். உங்கள் மகள் ஒரு விதிப்படிதான் எழுதுகிறாள்: மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு. நாலைந்து வருடமாக முழு எண்களைக் கூட்டிப் பழகிய குழந்தைக்கு இது இயல்பாகவே தோன்றும். நாம் போடும் படங்களும் இதற்குத் துணைபோகின்றன. இரண்டு கட்டத்தில் ஒன்றுக்கு வண்ணம், பக்கத்தில் மூன்று கட்டத்தில் ஒன்றுக்கு வண்ணம். சேர்த்து எண்ணினால் ஐந்து கட்டம், அதில் இரண்டு வண்ணம். படம் அவளுக்கு 2/5 என்றுதானே சொல்கிறது?

வயதானால் தானாகச் சரியாகிவிடும் என்றும் விட முடியாது. 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில், 12/13 + 7/8 ஏறக்குறைய எவ்வளவு என்று 13 வயது மாணவர்களிடம் கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமும் ஒன்றை ஒட்டியவை. ஆக விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21ஐத் தேர்ந்தார்கள். பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு எண்களாகப் பார்த்ததால் வந்த வினை இது.

அதனால் மீ.சி.ம.வைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். 12 செ.மீ. நீளத்தில் சில காகிதப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பட்டை முழுசாக 1. அதில் பாதி எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள்: 6 செ.மீ. மூன்றில் ஒன்று 4 செ.மீ. இரண்டையும் நுனியோடு நுனி ஒட்டினால் 10 செ.மீ. பன்னிரண்டில் பத்து, அதாவது 5/6. இப்போது அவள் எழுதிய 2/5 இந்தப் பட்டையில் எங்கே வரும் என்று கேளுங்கள். 4.8 செ.மீ. பாதியோடு இன்னொரு துண்டைச் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைந்துவிட்டதே! இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், பரவாயில்லை. வட்டத்தைவிடப் பட்டை நல்லது. வட்டத்தைச் சரியாக மூன்றாகப் பிரிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். பட்டையை அப்படியே எண்கோட்டின் மேலும் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்த நாள் கடிகாரத்தில் இதே கணக்கு. அரை மணி 30 நிமிடம், மூன்றில் ஒரு மணி 20 நிமிடம், மொத்தம் 50 நிமிடம். 50/60, மறுபடியும் 5/6. பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, ஏன் சமமாக்குகிறோம் என்பது இங்கேதான் பிடிபடும். ஒரு மணி நேரத்தையும் 20 நிமிடத்தையும் கூட்டி 21 என்று யாரும் சொல்வதில்லை. முதலில் எல்லாவற்றையும் நிமிடமாக்குகிறோம். பின்னத்திலும் அதேதான்: பாதியை 3/6 ஆக்கு, மூன்றில் ஒன்றை 2/6 ஆக்கு, அப்புறம் கூட்டு. இந்தக் கட்டத்தில் இரண்டு பகுதிகளையும் பெருக்கினாலே பொதுப் பகுதி கிடைத்துவிடும். மீ.சி.ம. எண்களைச் சிறிதாக வைத்துக்கொள்ள உதவும் வசதி, அவ்வளவுதான். அதைத் தேவைக்கு முன்னாலேயே புகுத்திவிடுகிறோம் என்பது என் கருத்து. 6 என்று கீழே எழுதத் தெரிந்த குழந்தைக்கு மேலே ஏன் 3, 2 வருகிறது என்று தெரியாமலே போய்விடுகிறது.

இனி எந்தப் பின்னக் கணக்கிலும் பென்சில் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: விடை பாதிக்கு மேலா கீழா, ஒன்றுக்கு மேலா கீழா? சரியான விடையை விடாமல் போடுவதைவிட, தப்பான விடையைப் பார்த்ததும் சந்தேகம் வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு மணி நேரம் அதிகம். இருபது நிமிடம், நாலைந்து கணக்கு போதும். அன்றைக்குச் சரியாக வருவதற்குக் காரணம், ஒரே மாதிரிக் கணக்குகளை வரிசையாகக் கொடுப்பதுதான். மூன்றாவது கணக்கிலிருந்து யோசிக்காமலே கை எழுதிவிடும். ஆகவே கலந்து கொடுங்கள். ஒரு கூட்டல், ஒரு கழித்தல், எது பெரிது என்று ஒரு ஒப்பீடு (5/8ஆ 3/5ஆ?), நீங்களே தப்பாகப் போட்ட ஒரு கணக்கு. அந்தத் தப்பைப் பிடிப்பதில் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம்! போன வாரக் கணக்கு ஒன்றையும் நடுவில் நுழைத்துவிடுங்கள்.

‘எப்படிப் போட்டே?’ என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேளுங்கள். தப்பு வந்தால் மட்டும் கேட்டால், கேட்ட உடனேயே அழிரப்பரைத் தேடுவாள்.

வாய்ப்பாட்டையும் ஒருமுறை சோதியுங்கள். வரிசையாக ஒப்பிப்பது வேறு, 56 எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று உடனே சொல்வது வேறு. பின்னத்தைச் சுருக்க இரண்டாவதுதான் வேண்டும். அதில் தடுமாறினால் முழு வாய்ப்பாட்டையும் திரும்ப எடுக்க வேண்டாம். 6×6 முதல் 9×9 வரை, 6×7ம் 7×6ம் ஒன்றே என்று கணக்கிட்டால் பத்தே பெருக்கல்கள்தான். பெரும்பாலும் சிக்கல் அந்தப் பத்தில்தான் இருக்கும்.

பள்ளியில் மீ.சி.ம. முறையில்தான் எழுத வேண்டும் என்றால், பட்டையில் விடை கண்ட கணக்கையே அந்த முறையிலும் எழுதச் சொல்லுங்கள். 3/4 + 2/3 எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையில் 9ம் 8ம் சேர்ந்து 17 செ.மீ., அதாவது ஒன்றும் 5/12ம். மீ.சி.ம. 12 வைத்து எழுதினாலும் 9/12 + 8/12 = 17/12. இரண்டும் பொருந்துகிறதா என்று அவளே பார்க்கட்டும். மூன்று நான்கு கணக்குகளில் பொருந்திவிட்டால் பட்டைகளை எடுத்து வைத்துவிடலாம்.